புதுப்பிப்பு: எம்ஜிபி கிளட்ச் சரியாகிவிட்டது, காரணம் பெடல் பின்

எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பற்றி முன்பு கேட்டது இது: கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசுகிறது, மாஸ்டர் (பெடல் பக்கம்), ஸ்லேவ் (கியர்பாக்ஸ் பக்கம்) என்ற ஹைட்ராலிக் சிலிண்டர் இரண்டிலும் கசிவில்லை.

இன்ஜினை அணைத்து, ஒருவர் பெடலை மிதிக்க, கீழே ஸ்லேவ் புஷ்ராடின் (தள்ளுகம்பி) நகர்வை ஸ்கேலால் அளந்தால் சுமார் அரை அங்குலம் வர வேண்டும். வந்தது 9 மி.மீ. மட்டுமே. பெடலையும் மாஸ்டர் புஷ்ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின் (குறுக்கு ஊசி) நடுவில் படி விழுந்து தேய்ந்திருந்தது. பெடல் துளை முட்டை வடிவமாகியிருந்தது. மாஸ்டரின் உள்விட்டம் 3/4 அங்குலம், ஸ்லேவின் உள்விட்டம் 1¼ அங்குலம் என்பதால், மேலே 2.8 மி.மீ. நகர்ந்தால்தான் கீழே 1 மி.மீ. கிடைக்கும். அதனால்தான் பின்னில் விழும் சிறு ஆட்டமும் உறைக்கிறது.

துளையை வெல்டு வைத்து அடைத்து, 5/16 அங்குலத்துக்குத் துளையிட்டு, புதுப் பின் போட்டாயிற்று. பின்னை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான்.

அடுத்து, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பெடலை மிதித்து மிதித்து எடுப்பதைவிட, சுத்தமான ஆயில் கேனால் ஸ்லேவ் நிப்பிள் (காற்று வெளியேற்றும் திருகு) வழியே டாட் 4 பிரேக்/கிளட்ச் திரவத்தைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுவது மேல். குமிழி தானாக ஏறிவிடும். அதற்கு முன் மாஸ்டர் கிண்ணத்தைப் பாதி காலி செய்யுங்கள், வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். இப்போது நகர்வு 13 மி.மீ.; ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது.