புதுப்பிப்பு: கல்யாணப் பத்திரிகை மடிப்பில் வெள்ளைக் கோடு, தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் ஆர்ட் கார்டு, அதாவது பளபளப்பில்லாத கெட்டி அட்டை, முழுக்க அரக்கு நிறம், மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளை தெரிந்தது.

‘கிரெயினை (காகிதத்தில் நார் ஓடும் திசையை) பாருங்க’ என்றவர் சொன்னதுதான் பலித்தது. நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு வருமாறு ஷீட்டைத் திருப்பி வெட்டி, மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புக்கோட்டில் அழுத்திப் பள்ளம் போடுவது) போட்டதும் வெடிப்பு நின்றது. கிரீசிங்கில் எழும்பும் மேடு மடிப்பின் உள்பக்கம் வரணும். பல இடங்களில் மாற்றி மடித்துவிடுகிறார்கள். திசை தெரிய, துண்டை இரண்டு வாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எளிதில் வளைந்தால் மடிப்புக்கோடு நாருக்கு இணை.

இன்னொருவர் சொன்ன மேட் லேமினேஷன் (மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது) யோசனையும் பலித்தது, மடிப்பில் மை வெடிக்கவில்லை. ஆனால் எதிர்பாராத வில்லங்கம்: மூலையில் தடவிய மஞ்சள் ஊறவே இல்லை, காய்ந்ததும் உதிர்ந்து கவரெல்லாம் பொடி. சென்னையில் காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில் வாங்குகிறவர்கள் ஷீட்டின் கிரெயின் எந்தப் பக்கம் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.