டீச்சருக்குக் கையால் எழுதிய வாசகம்: மை ஊறுகிறது, தாள் நெளிகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சருக்கு இந்த மாதக் கடைசியில் பணி நிறைவு விழா. வகுப்பில் அவர் தினமும் சொன்ன ஒரு வரியை என் கையாலேயே எழுதிப் பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. "கணக்கு தப்பானா பரவாயில்லை, போடாம மட்டும் விடாதே." நாற்பது மார்க்கைத் தாண்டாத என்னைத் தேற்றியது இந்த வரிதான். அச்சடித்து வாங்க மனம் வரவில்லை.

பருத்திக் கூழில் செய்த கைத்தாள் வாங்கினேன், ரோஜா இதழ் பதித்தது. மைப்பேனாவால் எழுதினால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வேர் விட்ட மாதிரி மை பரவுகிறது. இரண்டு தாள் வீண். மூன்றாவதை ஜெல் பேனாவால் எழுதி, வெள்ளைப் பசை தடவி அட்டையில் ஒட்டினேன். காய்ந்ததும் அலை அலையாக நெளிந்துவிட்டது. போதாததற்கு ஏ4 தாள் 8×12 அங்குலப் பிரேமுக்குள் போகவும் இல்லை. பத்து நாள்தான் இருக்கிறது.

பதில் 1:
பேனாவைக் குறை சொல்லாதீர்கள். எழுதும் தாளில் மை ஊறாமலிருக்கப் பசைச்சத்து சேர்த்திருப்பார்கள். பல கைத்தாள்களில் அது இருக்காது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல நூலிழைகள் மையை இழுக்கும். கார்ட்ரிஜ் ஷீட்டில், அதாவது படம் வரையும் கெட்டித் தாளில் எழுதுங்கள், கைத்தாளை அதற்குப் பின்னணியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோஜா இதழ் நாளாக ஆகப் பழுப்பாகும், அதனால் எழுத்துக்குக் கீழே இதழ் வராமல் பாருங்கள்.

வரி இடைவெளியில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறோம். தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரத்தின் வாலும் உண்டு. "கணக்கு" என்பதில் கு-வின் வால் கீழே இறங்கி, அடுத்த வரியில் "பரவாயில்லை"யின் ல் மேலிருக்கும் புள்ளியில் போய் முட்டும். எழுத்து 1 செ.மீ. உயரம் என்றால் வரிக்கு வரி 2 செ.மீ. விடுங்கள்.

நடுவில் வர ஒரு வழி: மூன்று வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் டிரேசிங் பேப்பரில் தனித் துண்டாக எழுதி, வரியின் இரு முனைக்கும் நெருக்கமாக வெட்டி இரண்டாக மடியுங்கள். மடிப்புதான் நடு. தாளில் பென்சிலால் நடுக்கோடு இழுத்து, துண்டுகளைத் தாளுக்கு அடியில் வைத்து, மடிப்பு அந்தக் கோட்டில் வரும்படி பொருத்திக்கொள்ளலாம். பிறகு பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பென்சிலால் படியெடுத்து, மேலே மை ஏற்றுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ரப்பரைத் தொட வேண்டும்.

பதில் 2:
பிரேம் வேலை செய்கிறவன். பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துத் தாள் உப்பும், காயும்போது ஒரே சீராகச் சுருங்காது, அதுதான் நெளிவு. தாள் முழுக்கப் பசை தடவவே வேண்டாம். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் இருபுற டேப் போட்டால் போதும், தாள் தொங்கிக்கொண்டிருக்கட்டும்.

ஏ4-இன் அகலம் 21 செ.மீ. 8 அங்குலம் என்பது 20.3 தான், எப்படிப் போகும்? பிரேமை மாற்ற வேண்டாம். படுக்கைவாக்கில் வைத்து நான்கு பக்கமும் 3.5 செ.மீ. மவுண்ட் போர்டு (நடுவில் ஜன்னல் போல வெட்டிய கெட்டி அட்டை) விட்டால் உள்ளே 23.5×13.3 செ.மீ. கிடைக்கும். மூன்று வரிக்குத் தாராளம். மவுண்ட் இருந்தால் கண்ணாடி எழுத்தில் படாது. நேராகப் படிந்தால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து மை கண்ணாடியோடு ஒட்டிவிடும், பிரிக்கும்போது எழுத்தும் கூட வரும். நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி கார்ட்ரிஜ் ஷீட்டில் எழுதிப் பார்த்தேன், ஒரு இழைகூடப் பரவவில்லை. இன்னொரு சந்தேகம். "தப்பானா" என்பதை "தவறானால்" என்று திருத்தி எழுதலாமா? விழாவில் தலைமையாசிரியர் எல்லாம் பார்ப்பார்கள்.

பதில் 1:
திருத்தாதீர்கள். டீச்சர் படிக்கும்போது அவர் குரலே அவருக்குக் கேட்க வேண்டும். பின்பக்கம் உங்கள் பெயர், படித்த வருடம், வகுப்புப் பிரிவு எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
சரி, "தப்பானா"தான். 10 'ஆ' பிரிவு, மூன்றாவது பெஞ்சு என்றும் சேர்த்து எழுதுகிறேன். நாளைக்கு மவுண்ட் வெட்டக் கொடுக்கிறேன்.