புதுப்பிப்பு: எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கு நிருபர் வந்தார்

டொராண்டோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஊர்வலத்துக்கு ஊடகத் தொடர்பு என் பொறுப்பு. பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய மூன்று பக்கச் செய்திக்குறிப்புக்கு யாரும் பதில் போடவில்லை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். நீங்கள் பதிலில் சொன்னபடி அதை அரைப் பக்கமாகச் சுருக்கினேன்: நேரம், மூடப்படும் தெருக்கள், படமெடுக்க நல்ல முனை, என் கைப்பேசி எண். உள்ளூர் வார இதழிலிருந்து ஒரு நிருபர் வந்துவிட்டார்!

டிசம்பரில் இங்கே 4.40 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதனால் வண்டிகள் வரிசைகட்டும் 3.30 மணிக்கே வரச் சொன்னேன். கம்பளித் தொப்பியில் காகித நட்சத்திரம் ஒட்டியிருந்த ஒரு சிறுமியைப் படமெடுக்க விரும்பினார். முதலில் அவள் அம்மாவிடம் சம்மதம் கேட்டேன்.

அப்புறம் ஒரு குறை. பனி கொட்டினால் ஊர்வலம் உண்டா என்று குறிப்பில் எழுத மறந்துவிட்டேன். அன்று காலை முழுக்க அதே கேள்விதான், பதினோரு அழைப்புகள். அடுத்த வருடம் முதல் வரியே அதுதான்.