லாட்ஜில் ரூம்களைப் பிரிக்க விலானா, போர்ட் ஐசொலேஷனா?

கிருஷ்ணகிரி_கேபிள்: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். 32 ரூம், ரூமுக்கு ஒரு லேன் பாயிண்ட். 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் மாற்றக்கூடிய லேன் இணைப்புப் பெட்டி) இரண்டு. கீழ் சுவிட்ச் ரவுட்டரில், மாடி சுவிட்ச் கீழ் சுவிட்சில். போன சனிக்கிழமை ராத்திரி மாடியில் தங்கியவர் சொந்த ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டைச் சுவரில் செருகிவிட்டார். அப்புறம் பாதி ரூமுக்கு அவருடைய ரவுட்டரே ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, யாருக்கும் நெட் இல்லை. ரிசப்ஷன் பில்லிங் கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துவிட்டது. ரூமுக்கு ஒரு விலான் (அதே சுவிட்சுகளிலேயே தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போடவா, போர்ட் ஐசொலேஷன் (ஒரு ரூம் போர்ட் இன்னொன்றோடு பேசாமல் தடுப்பது) போதுமா?

ஓசூர்_சிப்காட்: விலான்தான், யோசிக்கவே வேண்டாம். 802.1கியூ டேக்கில் (பாக்கெட் எந்த விலான் என்று காட்டும் குறி) விலான் எண்ணுக்கு 12 பிட், 4094 வரை போகலாம். 32 ஒரு கணக்கா?

பாலக்கோட்டான்: எண் 4094 வரை போகும், சுவிட்ச் தாங்க வேண்டாமா? விலை குறைந்த சில சுவிட்சுகளில் ஒரே நேரத்தில் 32 விலான்தான் வைக்க முடியும். அது ரூம்களுக்கே சரி, ஆபீஸ் விலானுக்கு எங்கே போவார்? தாங்கினாலும் ரவுட்டரில் 32 சப்நெட் (தனி ஐ.பி. வரிசை), 32 டி.எச்.சி.பி. (ஐ.பி. கொடுக்கும் சேவை). ராத்திரி 11 மணிக்கு ஒரு ரூமில் நெட் வரவில்லை என்று போன் வந்தால், எந்த டிரங்கில் (பல விலான் சேர்ந்து போகிற இணைப்பு) எந்த டேக் விட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஐசொலேஷனில் ரூம் போர்ட் அப்லிங்கோடு (ரவுட்டர் பக்கம் போகிற போர்ட்) மட்டும்தான் பேசும். பக்கத்து ரூம் 'எனக்கு ஐ.பி. கொடு' என்று கேட்பதே அந்த ஆளின் ரவுட்டருக்குப் போகாது. சனிக்கிழமைக் கூத்து நடந்தே இருக்காது.

ஓசூர்_சிப்காட்: ஐசொலேஷன் ஒரே சுவிட்சுக்குள் மட்டும்தாங்க. இவருக்கு இரண்டு சுவிட்ச். கீழ் ரூமிலிருந்து கிளம்பினது இணைப்பு கேபிள் வழியாக மாடி சுவிட்சின் அப்லிங்குக்கு வந்து, அங்கிருந்து எல்லா ரூமுக்கும் இறங்கும். ஒரு ஹாஸ்டலில் இதைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

பாலக்கோட்டான்: கீழ் சுவிட்சில் மாடிக்குப் போகிற போர்ட்டையும் ஐசொலேட் செய்தால் தீர்ந்தது. மாடி சுவிட்சின் அப்லிங்க் மட்டும் திறந்திருக்கட்டும். இன்னொன்று, விலான் போட்டதும் பிரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 32 சப்நெட்டும் ரவுட்டருக்குத் தெரியும். ஃபயர்வாலில் தடுக்காவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதுவே அனுப்பிவிடும்.

ஓசூர்_சிப்காட்: அதே ரவுட்டர் உங்கள் ஐசொலேஷனையும் உடைக்கும். பக்கத்து ரூமின் ஐ.பி.க்கு ஒரு பாக்கெட் தயாரித்து, பெறுநர் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) இடத்தில் ரவுட்டருடையதைப் போட்டு ஒருவன் அனுப்பினால், சுவிட்ச் அதைத் தடுக்காது. ரவுட்டர் வாங்கி, வந்த வழியிலேயே பக்கத்து ரூமுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

பாலக்கோட்டான்: சரி, அது உண்மைதான். ரூம் நெட்வொர்க்கிலிருந்து ரூம் நெட்வொர்க்குக்கே திரும்புகிற பாக்கெட்டைத் தடுக்கச் சொல்லி ரவுட்டரில் ஒரு விதி கட்டாயம் வேண்டும். 32 விலானுக்கு எழுதுவதைவிட இது ஒரே வரி.

கிருஷ்ணகிரி_கேபிள்: நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ரூம் 4-இல் ஒரு லேப்டாப், ரூம் 27-இல் ஒன்று. ரூம் போர்ட்டுகளை மட்டும் ஐசொலேட் செய்தபோது 4-இலிருந்து 27-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. கீழ் சுவிட்சில் மாடிக்குப் போகிற 23-ஆம் போர்ட்டையும் டிக் செய்தேன், பதில் நின்றது. மாடி சுவிட்சில் கை தவறி அப்லிங்கையும் டிக் செய்துவிட்டேன், 16 ரூமும் செத்துப்போயின. உடனே எடுத்துவிட்டேன்.
ஆனால் பில்லிங் கம்ப்யூட்டர் இதில் அடங்கவில்லை. அதை ஐசொலேட் செய்தால் பிரிண்டர் கிடைக்கவில்லை, திறந்துவிட்டால் எல்லா ரூமுக்கும் தெரிகிறது. அதனால் ரூம்கள் விலான் 10, பில்லிங்கும் பிரிண்டரும் விலான் 20, ரவுட்டர் கேபிளில் இரண்டுக்கும் டேக். 10-க்குள் மட்டும் ஐசொலேஷன். 10-இலிருந்து 20-க்கும், 10-இலிருந்து 10-க்கும் ரவுட்டரில் தடை.

ஓசூர்_சிப்காட்: ஆபீசைத் தனியாக்கியது நல்ல வேலை. ஆனாலும் நானாக இருந்தால் ரூமுக்கு ஒரு விலான்தான் போடுவேன். எந்த ரூமிலிருந்து தொல்லை வருகிறது என்று ரவுட்டரிலேயே தெரியும்.

பாலக்கோட்டான்: அதற்கு சுவிட்சின் மேக் டேபிளை (எந்தப் போர்ட்டில் எந்த மேக் என்ற பட்டியல்) பார்த்தால் போதும். அண்ணா, 10-க்கு 10 தடையை நேற்றே போட்டீர்களா, இனிமேல்தானா?

கிருஷ்ணகிரி_கேபிள்: போட்டாயிற்று. இந்தச் சனிக்கிழமை லாட்ஜ் நிரம்பும். பழைய ரவுட்டர் ஒன்றை ரூம் 27-இல் நானே அதே மாதிரி செருகிவிட்டு, மற்ற ரூம்களில் ஐ.பி. எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.