'வெளிப்பாடு' வேண்டாம், 'ஆட்படல்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோலியம் கசிந்து மாசுபட்ட நிலங்களில் மனிதரின் உடல்நலத்துக்கு நேரக்கூடிய இடரை மதிப்பிடும் துறைக்கான நம் கலைச்சொல் பட்டியலில், எக்ஸ்போஷர் என்பதற்கு நேராக 'வெளிப்பாடு' என்று உள்ளது. அதை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. உள்ளிருப்பது வெளியே வருவதுதான் வெளிப்பாடு. பெட்ரோலியத்தில் உள்ள பென்சீன் என்னும் வேதிப்பொருளைப் பற்றி 'பென்சீன் வெளிப்பாடு' என்று படிப்பவர், தொட்டியிலிருந்து பென்சீன் கசிந்ததையே எண்ணிக்கொள்வார். இத்துறையில் அச்சொல் குறிப்பதோ, அப்பொருள் மூச்சு, வாய், தோல் ஆகியவற்றின் வழியே மனிதரை எட்டுவதை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது பென்சீனின் இயல்பு. அது எங்கும் மாறாது. இடரோ இடத்துக்கு இடம் மாறும். மண்ணுக்கடியில் தேங்கிய எண்ணெயின் ஆவி தரை விரிசல் வழியே அறைக் காற்றில் கலந்தாலோ, நீரில் கரைந்த பென்சீன் குடிநீர்க் கிணற்றை அடைந்தாலோ இடர் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஆவி மேலேற வழியில்லை, அந்த மண்ணையும் நீரையும் தொடுவாரும் இல்லை என்றால், மாசு அப்படியே கிடந்தும் அப்போதைக்கு இடர் எழுவதில்லை. கசிவு உண்டு, எக்ஸ்போஷர் இல்லை என்னும் இந்த நிலையை 'வெளிப்பாடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு குழப்பமின்றி எழுத இயலாது.

ஆகவே 'ஆட்படல்' என்பதை முன்வைக்கிறேன். ஆட்படு வழி, ஆட்படு காலம், ஆட்படு அளவு எனக் கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. எக்ஸ்போஷருக்கு நேராகச் சென்ற மடலில் வந்த 'தாக்குறல்' நல்ல தமிழ்தான். ஆனால் அது தீங்கு நேர்ந்துவிட்டதாகவே சொல்லிவிடுகிறது, ஆட்பட்டவர் எல்லாரும் நோயுறுவதில்லை. பக்தி இலக்கியத்தில் ஆட்படுதல் இறைவனுக்கு அடிமையாதல் அன்றோ என்று சிலர் தடை எழுப்பக்கூடும். அடியார் விரும்பி ஆட்பட்டார், இவர் அறியாமல் ஆட்படுகிறார். சூழலே அதைத் தெளிவாக்கிவிடும்.

இத்துறையில் மாசுக்கு ஆட்படும் மனிதரைக் குறிக்கும் ரிசெப்டார் என்பதற்கு 'ஏற்பி' என இட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். பெட்ரோலியத்தில் காணப்படும் பென்சோ-ஏ-பைரீன் என்னும் வேதிப்பொருள், செல்லுக்குள் உள்ள அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்னும் புரதத்தோடு பிணைகிறது. ஒரே அறிக்கையில் அந்தப் புரதமும் ஏற்பி, மாசுபட்ட நிலத்தில் குடியிருப்பவரும் ஏற்பி என்றால் படிப்பவர் என்ன செய்வார்? மனிதருக்கு 'ஆட்படுநர்' என்று வைக்கலாம்.

மண்ணுக்கடியிலுள்ள ஆவி கட்டடத்துக்குள் நுழைவதைக் குறிக்கும் 'ஆவி ஊடுருவல்' மட்டும் பேய்க்கதைத் தலைப்புப் போல ஒலிக்கிறது. 'மண்ணாவி புகுதல்' என்று ஒன்று தோன்றியது. அதிலும் எனக்கு முழு நிறைவில்லை.