வயிற்றுப் பெருநாடிச் சத்திரசிகிச்சைக்குப் பின் குடல் எப்போது இயங்கும்?

களுவாஞ்சிக்குடி: அப்பாவுக்கு வயிற்றைத் திறந்து, வீங்கிய பெருநாடியில் செயற்கைக் குழாய் பொருத்தி இன்று 4ஆம் நாள், வயிறு பறைபோல் உப்பியிருக்கிறது, காற்றுக்கூடப் பிரியவில்லை. அம்மா கொண்டுவந்த கஞ்சிப் போத்தல் மூடியபடியே இருக்கிறது. இது வழமைதானா?

கல்லடி, ஓய்வுபெற்ற தாதி: மகள், குடலை ஒதுக்கிவைத்துச் செய்யும் சிகிச்சையாலும் மோர்பின் போன்ற வலிநிவாரணிகளாலும் குடல் அசைவு தற்காலிகமாக நின்றுவிடும், சிறுகுடல் ஏறத்தாழ ஒரு நாளில் மீண்டாலும், பெருங்குடலுக்கு 3 முதல் 5 நாட்கள்வரை செல்லலாம். கஞ்சி பொறுக்கட்டும். வைத்தியர் அனுமதித்தால் நடக்கவிடுங்கள். வாந்தி வந்தாலோ உப்பல் கூடினாலோ வாட்டில் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று: சகோதரி, பெருங்குடலின் இடப்பக்கத்துக்கு இரத்தம் தரும் நாடி இச்சிகிச்சையில் பல வேளை கட்டப்படுவதால், இரத்தம் கலந்த வயிற்றோட்டமோ கடும் வலியோ வந்தால், விடியட்டும் என்று இராமல் உடனே அறிவியுங்கள், கமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

களுவாஞ்சிக்குடி: மாலையில் வாட்டு வாசல்வரை நடந்தார், காற்றுப் பிரிந்தது. அம்மா போத்தலைத் திறக்கப் பார்த்தார், தாதி விடவில்லை.