குமுளி ஏற்றத்தில் இழுவை இல்லை: டீசல் பம்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

காய்கறி லோடு, ஒட்டன்சத்திரம்

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டி வருகிறேன். நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் என்ஜின்; அதாவது ஹை பிரஷர் பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல், ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து எல்லா சிலிண்டருக்கும் போகும் வகை. இதுவரை 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகவே காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. சமதளத்தில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், மூன்றாவது கியரில் மிதிக்க மிதிக்க வண்டி இழுக்காமல், என்ஜின் விளக்கு எரிந்து, ஆளை நடுவழியில் நிறுத்திவிடுகிறது. சாவியை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது.

ஸ்கேனரில் பி0087 என்ற பழுதுக் குறியீடு வந்தது. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். கூலியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டும் என்கிறார். வண்டிக்கு இன்னும் 14 தவணை பாக்கியிருக்கும் நிலையில், இந்தத் தொகையைப் போட்ட பிறகும் பழுது தீரவில்லை என்றால் என்னால் தாங்க முடியாது. பம்ப்தான் பழுது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது?

டீசல் லேப் பழையவர்

தம்பி, பம்ப் பழுதுபார்க்கும் வேலையில் 27 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பி0087 என்பது ரெயிலில் வேண்டிய அழுத்தம் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது; அழுத்தம் எங்கே குறைந்தது என்று அது சொல்வதில்லை. டேங்கிலிருந்து டீசல் ஒழுங்காக வராமல் இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்ப் கொடுத்த டீசலை இன்ஜெக்டரோ (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) ரெயில் வால்வோ திரும்ப டேங்குக்கே விட்டுவிடலாம். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்காமல் பம்பில் கை வைக்க விடாதீர்கள்.

முதலில் டேங்க் பக்கம். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் டேங்குக்குள் மின்சார மோட்டார் கிடையாது; ஹை பிரஷர் பம்போடு சேர்ந்திருக்கும் சிறிய ஃபீட் பம்ப்தான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் விரிசல் விட்டால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் எங்கும் ஈரம் காணாமலே வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் டீசலுக்குத் தாங்கக்கூடிய, உள்ளே ஓடுவது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஒரு முழம் அளவுக்கு மாட்டி, என்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். காற்றை எடுத்துவிட்ட பிறகும் சோடாவில் வருவது போல் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் விரிசலைத் தேடுங்கள். டேங்குக்குள் இருக்கும் வலையையும் ஃபில்டரின் அடியில் தங்கும் தண்ணீரையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரிட்டர்ன் சோதனை, அதாவது இன்ஜெக்டர்கள் டேங்குக்குத் திருப்பி விடும் டீசலை அளப்பது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு என்ஜினை ஓட்டினால், கெட்டுப்போன இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் வேகமாக நிறையும். அப்படி ஒன்று இருந்தால் புதுப் பம்ப் போட்டும் பயனில்லை.

இவை இரண்டிலும் தப்பில்லை என்றால், ஸ்கேனரை மாட்டியபடியே ஆளோடு மலை ஏறி, என்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் ரெயிலில் உண்மையில் வந்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆவதற்கு ஏறக்குறைய 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். ஏற்றத்தில் அது 1,000 பாரைத் தாண்ட வேண்டும். தேய்ந்த பம்ப் சமதளத்தில் சமாளித்துவிட்டு, ஏற்றத்தில்தான் கைவிடும்.

பெட்ரோல் பிக்கப்

எங்கள் வண்டி பெட்ரோல் என்பதால் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது; அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். மேலே சொன்ன ரிட்டர்ன் சோதனை டீசல் வண்டிக்கு மட்டுமே பொருந்தும்.

கம்பம் ஒர்க்‌ஷாப்

லேப் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பம்ப் மாற்ற வேண்டும் என்றே முடிவானாலும், கழற்றுவதற்கு முன் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பம்புக்கு டீசலே எண்ணெய். காற்றோ தண்ணீரோ மண்ணெண்ணெய் கலந்த டீசலோ தொடர்ந்து போனால் உள்ளே உலோகம் உராய்ந்து பொடியாகும். துணியில் ஜரிகைத் தூள் போல் மின்னினால், அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களை லேப்பில் சோதித்த பிறகே புதுப் பம்பை மாட்ட வேண்டும். பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் போன வண்டிகள் சில வாரங்களில் அதே பழுதோடு என்னிடம் வந்திருக்கின்றன.

மாட்டும்போது செம்பு வாஷர்களைப் பழையதையே போடக் கூடாது. ஹை பிரஷர் குழாயை டார்க் ஸ்பேனரால் அளவோடு முடுக்க வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு கை பம்பை அது கல்லைப் போல் இறுகும் வரை அடித்துக் காற்றை எடுத்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். காய்ந்த பம்பைச் சுற்றினால் புதிதும் அன்றே கெட்டுவிடும்.

என்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கும் பழைய வழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

காய்கறி லோடு, ஒட்டன்சத்திரம்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். கண்ணாடிக் குழாயில் குமிழி நிற்காமல் ஓடியது. ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல் ஒரு விரிசல் இருந்தது; குழாயை வளைத்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது. குழாயையும் ஃபில்டரையும் 1,100 ரூபாய்க்கு மாற்றியதும் காலை ஸ்டார்ட் சரியாகிவிட்டது. அத்தோடு முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் ஏற்றத்தில் இழுவை வரவில்லை. ரிட்டர்ன் பாட்டில்கள் நான்கும் ஒரே அளவில் நிறைந்தன. ஸ்கேனரோடு மலை ஏறியபோது 1,200 பார் கேட்ட இடத்தில் 800 தான் வந்தது. மீட்டரிங் வால்வைத் துடைத்த துணியில் கம்பம் அண்ணன் சொன்ன மினுமினுப்பு இருந்தது. மெக்கானிக் சொன்னது சரிதான், பம்ப் போய்விட்டது. ஆனால் அதைக் கெடுத்தது இரண்டு மாதமாகக் காற்றை உறிஞ்சிய அந்தக் குழாய்தான். குழாயை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றியிருந்தால் புதிய பம்பும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

டேங்கைக் கழுவி, இன்ஜெக்டர்களை லேப்பில் கொடுத்துச் சோதித்து, புதுப் பம்ப் மாட்ட எல்லாமாக 63,000 ரூபாய் ஆனது. நேற்று இரவு முழு லோடு தக்காளியோடு குமுளி ஏறினேன். கொண்டை ஊசி வளைவிலும் என்ஜின் விளக்கு எரியவில்லை. கழற்றிய குழாயை வெட்டி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்; மார்க்கெட்டில் இதே வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு அதை வளைத்துக் காட்டுகிறேன். அவர்களில் ஒருவருக்கும் காலையில் ஸ்டார்ட் ஆவதில் சிரமமாம். நாளை அவர் வண்டியில் கண்ணாடிக் குழாயை மாட்டிப் பார்க்கப் போகிறோம்.